ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு வீட்டைத் தயார் செய்வது: முதல் வருடம் வந்தவர்களுக்கு

இங்கே வந்த முதல் ஜூனில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போய் வியர்த்தேன், வீட்டுக்குள் வந்து நடுங்கினேன். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகலில் 16, 17 டிகிரி, பளிச்சென்று வெயில். ராத்திரி 3, 4 டிகிரிக்கு இறங்கிவிடும். வீடுகளோ வெயில் காலத்தை மனதில் வைத்துக் கட்டியவை. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் நீங்களே பார்த்து வாங்கிவிடுவீர்கள். நான் வீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

1. வடக்கு எது என்று பாருங்கள்

நம் ஊரில் மார்கழிச் சூரியன் தெற்கே சாயும். இங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து ஓடும். இது தெரியாமல் ஒரு மாதம் தெற்குப் பக்கம் துணி காயப்போட்டு, ஈரமாகவே எடுத்து மடித்தேன். வடக்கு பார்த்த ஜன்னல்களின் திரையைக் காலையில் விலக்கிவிடுங்கள், மாலை நாலு மணிக்கு இழுத்து மூடுங்கள். இதற்குக் காசே கிடையாது.

2. சந்துகளை அடையுங்கள்

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. அந்த இடத்தில் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஃபோம் டேப் ஒட்டினால் போதும். கதவடிக்குப் பழைய வேட்டியைக் குழாய் மாதிரி தைத்து மணல் நிரப்பி வைத்தேன். கடையில் விற்கும் பஞ்சு உருளையைவிட அது நகராமல் கிடக்கிறது. ஹாலில் மட்டும் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள், காரணம் அடுத்து வருகிறது.

3. ஹீட்டர்

குழந்தைகள் அறைக்கு ஆயில் ஹீட்டர் (உள்ளே எண்ணெய் அடைத்த மின்சார ஹீட்டர்), ஹாலுக்கு கேஸ் ஹீட்டர். இது என் முடிவு. ஃபேன் ஹீட்டர் வாங்கவே வேண்டாம், நிறுத்திய நிமிடமே அறை பழையபடி ஆகிவிடும். 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், ப்ரீபெய்டு மீட்டரில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மின்சார ஹீட்டர் எதுவானாலும் நேரே சுவர் ப்ளக்கில்தான் செருக வேண்டும், மல்டிப்ளக் கூடாது.

கேஸ் ஹீட்டரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் ஊர் சிலிண்டரில் ரெகுலேட்டரை மேலே வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். இங்கே 9 கிலோ சிலிண்டரில் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் பித்தளை மூக்கு மாதிரி இருக்கும் ரெகுலேட்டரைத் திருக வேண்டும். அரை மணி நேரம் வலப்பக்கம் திருகினேன், ஏறவே இல்லை. மரை கெட்டுப்போன சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபத்தோடு கடைக்குத் தூக்கிப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் திருப்பினார், மூன்று சுற்றில் ஏறிவிட்டது. அது தலைகீழ் மரை. ஆனால் சிலிண்டரின் வால்வு வழக்கம்போலத்தான், வலப்பக்கம் திருப்பினால் மூடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வால்வு மூடியிருக்கும்போதே ரெகுலேட்டர் மூக்கில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையத்தில் விரிசல் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டியதும், ஹீட்டரைப் பற்றவைக்காமல் வால்வை மட்டும் மெதுவாகத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி இணைப்பிலும் குழாயிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. உடனே மூடிவிடுங்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டவே வேண்டாம்.

ஹீட்டர் எரியும் நேரம் முழுக்க ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். கரி போட்ட இம்பாவுலா அடுப்பு வெளியே சுற்றி உட்காரத்தான், அறைக்குள் கொண்டுவந்தால் உயிருக்கே ஆபத்து.

4. குழாயும் கீசரும்

இங்கே கீசர் என்றால் பெரும்பாலும் கூரைக்குள் இருக்கும் 150 லிட்டர் தொட்டி. தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருந்தால் போதும். தொட்டிக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் அதற்கென்றே விற்கும் வெப்பக்காப்புப் போர்வை சுற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பக்கத்து ஊரான பெனோனியிலிருந்து ஒரு வாசகி, தோட்டக் குழாய் ராத்திரி உறைந்து வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். இதை நான் விட்டுவிட்டேன். ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டுப் படுங்கள். சோலார் கீசர் இருந்தால் அது உறைபனி தாங்குமா என்று மாட்டியவரிடம் ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள்.

5. ஆட்கள்

ஃப்ளூ ஊசி மார்ச், ஏப்ரலில் பார்மசிகளுக்கு வந்துவிடும். போட்ட பிறகு பலன் தர இரண்டு வாரம் ஆகும், அதனால் ஜூன் வரை காத்திருக்காதீர்கள். காற்று மிகவும் வறண்டிருக்கும். சின்னவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தபோது பயந்துபோனோம். இப்போது ராத்திரி மூக்கோரத்தில் கொஞ்சம் வாஸ்லின், அறையில் ஒரு கிண்ணம் தண்ணீர். எலக்ட்ரிக் ப்ளாங்கெட்டை மடித்துப் போடக்கூடாது, படுக்கையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிட வேண்டும்.

ஆடியில் அடுத்த வீட்டு ஆண்ட்டி கோவில் கூழுக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். சென்னை வெயிலில் குடித்த கூழும், இங்கே கைநடுங்கக் குடிக்கும் சுடுகூழும் ஒன்றல்ல. 2023 ஜூலை 10 அன்று, 2012க்குப் பிறகு முதல்முறையாக ஊரில் பனி கொட்டியபோதும் அந்த ஆண்ட்டிதான் கதவைத் தட்டி எழுப்பினார்.

6. இட்லி மாவு

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிவிடும், டப்பாவை வெந்நீரில் வைத்தால் சரி. மாவு அப்படியல்ல, இரண்டு நாள் வைத்தாலும் கல்லாக நிற்கும். ராத்திரி ஓவனுக்குள் மாவை வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். காலையில் பொங்கியிருக்கும். ஒரு வாசகர் மாவு உள்ளே இருப்பதை மறந்து, கேக் செய்ய ஓவனை 180 டிகிரிக்குப் போட்டுவிட்டாராம். எங்கள் வீட்டிலும் போன வாரம் அதேதான் நடந்தது. இப்போது குமிழில் 'உள்ளே மாவு' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.