சேர்வராயன் மலையில் காட்டெருமை ஆய்வு: வனத்துறை அனுமதி வாங்குவது எப்படி?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் காட்டெருமை மேய்வதைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. அதனால்தான் சேலத்தில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் அதைப் பற்றி ஒரு ஆய்வு செய்ய ஆசை வருகிறது. ஆசை வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடக் கூடாது. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: செய்யப்போவதை வினைச்சொல்லில் எழுதுங்கள்

"காட்டெருமையின் வாழிடச் சூழலியல்" என்று தலைப்பு வைப்பது எளிது. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள். பார்ப்பேன். எண்ணுவேன். மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டுவேன். சாணம் எடுப்பேன். மயக்க ஊசி போட்டு ரேடியோ காலர் (இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டுவேன். எந்த அனுமதி வேண்டும் என்பதை இந்தச் சொற்கள்தான் முடிவு செய்கின்றன.

காட்டெருமை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பது சுடுவது மட்டுமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, தீனி வைத்து வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வதுகூட வேட்டைதான். கேமரா முன்னால் வரட்டும் என்று உப்புக் கட்டி வைக்க நினைத்தால் அதுவும் இதில் அடங்கும். ஆராய்ச்சிக்காக இப்படிப்பட்ட செயலுக்கு அனுமதி தரும் பிரிவு 12. அனுமதி தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். முதல் அட்டவணை விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். முதுகலை ப்ராஜெக்டுக்கு வந்திருப்பவர்கள் காலர் மாட்டும் யோசனையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. விலங்கைத் தொடாமலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம் இருக்கிறது.

இரண்டாம் படி: இடம் யாருடையது?

முதுமலைக்கு எழுதிய யாரோ ஒருவரின் கடிதத்தை வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. முதுமலை போன்ற சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய, அதே சட்டத்தின் பிரிவு 28-இன் கீழ் கேட்க வேண்டும். சேர்வராயன் மலையில் இருப்பவை காப்புக்காடுகள். அவற்றுக்குள் நுழைவதை 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இங்கே சேலம் வனக்கோட்டம்தான் உங்களுக்கு வாசல். நீங்கள் நிற்கப்போகும் காப்புக்காட்டின் பெயர், அது எந்த வனச்சரகத்தில் வருகிறது, எந்த பீட் (ஒரு வனக்காப்பாளரின் பொறுப்பில் உள்ள பகுதி) என்பதை ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு எழுதுங்கள். "ஏற்காடு மற்றும் சுற்றுப்புறம்" என்று எழுதினால் போதாது.

எஸ்டேட் நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஆனால் அவர் நிலத்தில் நுழையத்தான் அவர் சம்மதம் தரமுடியும். விலங்குக்கான சட்டம் விலங்கு போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

மூன்றாம் படி: தொந்தரவைக் கணக்கெழுதுங்கள்

என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்தப் பகுதியில்தான். "விலங்குகளுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். எத்தனை மந்தை, எத்தனை நாள், எவ்வளவு தூரத்தில் என்ற கேள்விகளோடு தாள் திரும்பியது. பதிலைத் தேடியபோது எனக்குக் கைகொடுத்தது, நம் கடலில் இல்லாத ஒரு விலங்கு: சீல் என்னும் கடல்நாய்.

அமெரிக்காவில் கடல்நாய்களை ஆராய, 1972-ஆம் ஆண்டு கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேசிய கடல் மீன்வளத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஒரு அட்டவணை நிரப்பியாக வேண்டும். எந்த இனம், ஆண்டுக்கு எத்தனை விலங்கு, அவற்றை என்ன செய்வீர்கள் என்பதோடு நிற்காது. ஒன்றைப் பிடிக்கப் போகும்போது பக்கத்தில் படுத்திருப்பவை பயந்து தண்ணீருக்குள் பாய்ந்தால், அவற்றையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். காயம் உண்டாக்கக்கூடிய தொந்தரவு ஒரு வகை. பாலூட்டல், இனப்பெருக்கம், உணவு, ஒதுங்கிடம் ஆகியவற்றைக் குலைக்கக்கூடிய தொந்தரவு இன்னொரு வகை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் வந்த செய்தியை அரசிதழில் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருகிறார்கள்.

கூட்டம் மிரண்டு ஓடும்போது குட்டிகள் மிதிபடலாம், தாயைப் பிரிந்து தனித்துப் போகலாம். அதனால்தான் அந்த அட்டவணையில் இவ்வளவு கண்டிப்பு. இதைப் படித்த அன்று எனக்குக் காபிச் செடிகளுக்கு நடுவே கன்றோடு நின்ற மந்தைதான் நினைவுக்கு வந்தது. நான் பத்தடி முன்னால் வைத்தால் அது எங்கே ஓடும்? கீழே கொண்டை ஊசி வளைவுச் சாலை. மறுபக்கம் பழம் பறிக்கும் பெண்கள். அந்த ஓட்டத்துக்கு நான்தான் காரணமாவேன்.

நம் சட்டம் அப்படியொரு அட்டவணையைக் கேட்கவில்லை. இருந்தாலும் நீங்களே போட்டுக் கொடுங்கள். என்னுடையதில் இருந்தவை: வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், உடன் வருபவர் எத்தனை பேர், எந்தத் தூரத்துக்குள் போகமாட்டோம், எத்தனை கேமரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை கேமராவின் மெமரி கார்டை மாற்ற உள்ளே போவோம், கன்றுள்ள மந்தையைக் கண்டால் என்ன செய்வோம். கடைசியாக ஒரு வரி: விலங்கு தலையைத் தூக்கி எங்களையே பார்க்க ஆரம்பித்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுவோம். இரண்டாம் முறை கேள்வி எதுவும் வரவில்லை.

சாணம் எடுப்பதாக இருந்தால் எத்தனை மாதிரி, எவ்வளவு கிராம், எந்த ஆய்வகத்துக்குப் போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவோ, வெளிநாட்டு ஆய்வாளர் கூட்டுச் சேர்வதாகவோ இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: தாள்கள்

வழிகாட்டிப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், கல்லூரி முகப்புத்தாளில் விண்ணப்பம், ஆய்வுத் திட்டம், வரைபடம், உடன் வருபவர்களின் அடையாள அட்டை நகல், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். இவ்வளவுதான்.

ஐந்தாம் படி: கொடுப்பதும் காத்திருப்பதும்

விண்ணப்பம் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. ஆனால் அவர் சேலம் மாவட்ட வன அலுவலரின் கருத்தைக் கேட்பார். ஆகவே அனுப்புவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலரையும் ரேஞ்சரையும் நேரில் பார்த்து, திட்டத்தைச் சொல்லி, நகல் ஒன்றைக் கொடுங்கள். வனக்காப்பாளர்களிடமும் பேசுங்கள். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், மந்தை எந்தப் பக்கம் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் திட்டத்தில் இரண்டு இடங்களை அவர்கள் சொல்லித்தான் மாற்றினேன்.

பதில் வர மாதங்கள் ஆகலாம். செமஸ்டர் தொடங்கியபின் விண்ணப்பித்தால் செமஸ்டரே முடிந்துவிடும். முந்தைய ஆண்டே ஆரம்பியுங்கள்.

ஆறாம் படி: அனுமதி கைக்கு வந்தபின்

முதலில் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். தேதி, இடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. நண்பர் ஒருவரைக் கூட்டிப்போக ஆசைப்பட்டாலும், அவர் பெயர் தாளில் இல்லையென்றால் வேண்டாம். நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். காட்டுக்குள் போகும் ஒவ்வொரு நாளும் வனச்சரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இறந்த விலங்கையோ அதன் கொம்பையோ கண்டால் எடுக்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 39-இன்படி அது அரசின் சொத்து. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உடனே ரேஞ்சருக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் அறிக்கையின் நகலைத் துறைக்குக் கொடுங்கள். வனக்காப்பாளர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் தனியாக எழுதி, நீங்களே மலையேறிப் போய்க் கொடுங்கள். போட்ட அட்டவணையில் எது தப்பியது, எத்தனை முறை மந்தை உங்களால் மிரண்டது என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்து விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைக்கு அந்த எண் வேண்டும்.