அறுவை சிகிச்சைப் பொருளில் குறை கண்டால் புகார் செய்யும் முறை

அறுவை சிகிச்சைக்காக மருந்துக் கடையில் வாங்கிவரச் சொல்லும் கையுறை, காஸ் எனப்படும் காயத்துணி, தையல் நூல், சிரிஞ்சு ஆகிய அனைத்தும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளுக்கும் கட்டுப்பட்டவை. ஆகவே உறைக்குள் பூஞ்சையோ முடியோ தெரிந்தாலும், காலாவதித் தேதியின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், கடையில் மாற்றி வாங்கியதோடு நின்றுவிடக் கூடாது. அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுப்பில், வந்த மற்றப் பொட்டலங்கள் அடுத்த நோயாளியிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில், உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்த பொட்டலத்தில் அழுக்கு முன்பே இருந்ததா, பிறகு சேர்ந்ததா என்ற கேள்வி எழும். பிரித்துவிட்டிருந்தால் உறையையாவது பத்திரப்படுத்துங்கள். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், லாட் எண், தேதிகள், கிருமி நீக்கிய முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் விவரமும் உரிம எண்ணும் வேண்டும். பில்லில் லாட் எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதைக் கடை இருக்கும் இடமே தீர்மானிக்கும். புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் கடலூர்க்காரர் புதுச்சேரிக் கடையில் வாங்கியிருந்தால், யூனியன் பிரதேசத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையை அணுக வேண்டும். கடலூரில் வாங்கியிருந்தால் தமிழக அரசின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

இதில் தாமதம் கூடவே கூடாது. ஆய்வாளர் எடுக்கும் மாதிரி விற்பனையாளர், அரசுப் பகுப்பாய்வாளர் (பொருளைச் சோதித்து அறிக்கை தரும் அரசு அலுவலர்), நீதிமன்றம், தேவைப்பட்டால் பொருளை வழங்கியவர் எனப் பங்கிடப்படுகிறது. திறந்தால் கெட்டுவிடும் பொருளை முழுப் பொட்டலங்களாகவே எடுப்பார் என்பதால், அந்த லாட் கடையில் மீதமிருக்கும்போதே அவர் அங்கு வந்தாக வேண்டும். சந்தேகத்துக்குரிய இருப்பை 20 நாட்கள் வரை விற்கக் கூடாதென எழுத்தில் உத்தரவிடவும், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கடைக்காரரைக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

துறை அசையவில்லையென்றால், சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தி, நீங்கள் வாங்கிய பொருளை நீங்களே அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். பலருக்கும் தெரியாத இந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். நோயாளிக்குப் பாதிப்பு நேர்ந்திருந்தால், மருத்துவரிடம் சொல்வதோடு, காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் (Indian Pharmacopoeia Commission) 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவியுங்கள்.