அள்ளி விழுங்கும் நாய்க்கு ஸ்லோ ஃபீடர் கிண்ணம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்லோ ஃபீடர் என்பது உள்ளே மேடும் தடுப்பும் வைத்து நாயை மெதுவாகத் தின்னவைக்கும் கிண்ணம். கடையில் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் டிரை ஃபுட்டை, அதாவது பாக்கெட்டில் வரும் உலர்ந்த நாய்த்தீனியை மனதில் வைத்துச் செய்தவை. மதுரைப் பக்கம் பல வீடுகளில் நாய் தின்பதோ தயிர்ச்சோறு, இல்லாவிட்டால் ஈரலும் கோழிக்காலும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது நாய் என்ன தின்கிறது என்பதை. இரண்டாவது, அதன் மூஞ்சி நீளத்தை. அட்டைப்பெட்டியில் எந்த நாயின் படம் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வாங்கினால் பாதி நேரம் காசு வீண்.

வாங்கும் முன்

போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தட்டைக் காலி செய்துவிட்டு இருமுகிறது, தின்ற சோற்றை மெல்லாத பருக்கையாகவே கக்குகிறது என்றால் கிண்ணம் உதவும். நேற்றுவரை நிதானமாகத் தின்ற நாய் திடீரென்று பறக்கிறதா? அதற்குக் கிண்ணம் மருந்தில்லை. குடற்புழு, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். தின்றும் மெலிந்துகொண்டே போனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே வேளையாகப் போடுகிற சோற்றை இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுவதற்குச் செலவே இல்லை. பக்கத்தில் இன்னொரு நாயோ பூனையோ கோழியோ நின்றால் போட்டியிலேயே வேகம் வந்துவிடும். அதையும் சரிசெய்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும். இவற்றுக்கு இரைப்பையில் காற்று அடைத்து, இரைப்பையே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவசரமாக விழுங்குவது அதற்குப் பல காரணங்களில் ஒன்றுதான். கிண்ணம் மாற்றியதால் பயம் தீர்ந்தது என்று இருக்க முடியாது. வயிறு மத்தளம்போல விறைத்து, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக, படுக்க முடியாமல் நாய் அலைந்தால் ஓமத்தண்ணீர், சோடா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும், அறுவை சிகிச்சை தேவைப்படும். உயரமான ஸ்டாண்டில் கிண்ணத்தை வைப்பதும் இந்த நாய்களுக்கு வேண்டாம். பெரிய இன நாய்களைப் பற்றி 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உயர்த்தி வைத்த கிண்ணத்தில் தின்றவற்றுக்கு இந்த ஆபத்து கூடுதலாகவே தெரிந்தது.

சோறா, டிரை ஃபுட்டா?

டிரை ஃபுட் என்றால் பிரச்சினை குறைவு. வளைந்து வளைந்து போகும் தடுப்புகள் உள்ள எந்தக் கிண்ணமும் ஓரளவு வேலை செய்யும்.

சோறுதான் சிக்கல். பள்ளத்துக்குள் சோறு அப்பிக்கொள்ளும். நாய் மேலாக இருப்பதை நக்கிவிடும். அடியில் ஒரு படலம் அப்படியே ஒட்டிக் கிடக்கும். மணம் வருகிறது, வாய்க்கு எட்டவில்லை என்றதும் தடுப்பைக் கடிக்கும், காலால் கிண்ணத்தைக் கவிழ்க்கும். மிச்சம் கிடந்த தயிர்ச்சோறு சித்திரை வெயிலில் சீக்கிரமே புளித்து நாறும், எறும்பு வரிசை கட்டும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை: ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் விட்டு, அடிவரை தொட்டு ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். செங்குத்தான மூலை, கூர்மையான இடுக்கு இருந்தால் அங்கே நாக்கும் போகாது, உங்கள் பிரஷும் போகாது. சோற்றுக்கு ஏற்றது, அகலமான பள்ளமும் மழுங்கிய மேடும் உள்ள கிண்ணம். நடுவில் ஒரே ஒரு பெரிய குமிழ் இருக்கும் வளையக் கிண்ணம் இன்னும் நல்லது. நன்றாக மசித்த தயிர்ச்சோற்றுக்குப் புள்ளி புள்ளியாக மேடுள்ள சிலிகான் நக்குத்தட்டும் பொருந்தும். எலும்பு கலந்த சோற்றை எந்த ஸ்லோ ஃபீடரிலும் போடாதீர்கள்; இடுக்கில் செருகிய எலும்பை நாய் வெறியோடு இழுத்துச் சிம்பாக உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு எந்தத் தட்டிலுமே கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மேட்டின் தலை சோற்றுக்கு மேலே ஒரு விரல் அகலமாவது தெரிய வேண்டும். சோறு மேட்டை மூடிவிட்டால் அது வெறும் கிண்ணம்தான், வேகம் குறையவே குறையாது. "வாங்கியும் பிரயோஜனம் இல்லை" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். சோறு கஞ்சியாக இருந்தாலும் இதே கதை, உறிஞ்சிவிட்டுப் போய்விடும். கெட்டியாக வடித்து ஆறவைத்துப் போடுங்கள்.

மூஞ்சி நீளம்

மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை அளந்துகொள்ளுங்கள். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நீள மூஞ்சிக்கு 4 முதல் 5 செ.மீ. ஆழம் வேண்டும், மேலோட்டமான கிண்ணம் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. நாட்டு நாய்க்கும் லேப்ரடாருக்கும் 3 முதல் 4 செ.மீ. போதும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூஞ்சிக்கு 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் மூக்கு அழுந்தி மூச்சு திணறும், கூரான மேடு துருத்திய கண்ணில் குத்தும்.

கொள்ளளவு

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மில்லி பெரும்பாலும் விளிம்புவரை நிரப்பிய கணக்கு. அதை நம்பாமல் மேட்டின் தலைக்கு ஒரு விரல் கீழேவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை அளவு டம்ளரில் திருப்பி ஊற்றிப் பாருங்கள். 100 கிராம் டிரை ஃபுட் கிட்டத்தட்ட 250 மி.லி. இடம் பிடிக்கும். ஒரு வேளைக்கு 200 கிராம் தின்னும் நாய்க்கு இந்த அளவில் 500 மி.லி.யாவது தேற வேண்டும்.

எந்தப் பொருள்?

எங்கள் ஓட்டு எவர்சில்வருக்கு. எளிதில் கீறல் விழாது, நாற்றம் பிடிக்காது, கடித்தாலும் துண்டு பெயராது. பிளாஸ்டிக் என்றால் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கீறல்களில்தான் பிசுக்கும் கிருமியும் தங்கும். முகர்ந்தால் ரசாயன வாடை அடிப்பதும் வேண்டாம். மெலமைன் ஓரம் பெயரும். பீங்கான் கனமானது, நகராது, ஆனால் சிமெண்ட் தரையில் ஒரு முறை கவிழ்ந்தால் போச்சு. கடிக்கிற நாய்க்குச் சிலிகான் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் நகராதீர்கள்.

அடியில் உறிஞ்சுகுமிழ் உள்ளவை வழவழப்பான டைல்ஸில் மட்டும் பிடிக்கும். திண்ணை, மொட்டை மாடி, சிமெண்ட் முற்றம் எதிலும் பிடிக்காது. அங்கே ஈரச்சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள், அல்லது பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடிவிளிம்பில் இறுக்கமாக மாட்டுங்கள்.

காசு போடாமல் ஒரு வாரம்

விளிம்பு 4, 5 செ.மீ. உயரமுள்ள எவர்சில்வர் தட்டின் நடுவில், நாய் வாயால் கவ்வ முடியாத அளவு பெரிய, கனமான கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். சுற்றிலும் சோறு. பல நாய்களுக்கு இதுவே போதும், கடைக்கே போக வேண்டாம். மாசி வீதிப் பாத்திரக்கடைகளில் தட்டைத் தட்டிப் பார்த்துக் கனமானதாக வாங்கலாம். பெரிய தாம்பாளத்தில் சோற்றை மெல்லிசாகப் பரப்புவதும் நல்ல வழி. டிரை ஃபுட்டுக்குப் பணியாரக்கல் அருமையாகப் பொருந்தும். ஆனால் நான்ஸ்டிக் வேண்டாம், பல் பட்டுப் பூச்சு உரியும். இரும்புக் கல்லில் தயிர்ச்சோறு போட்டால் துரு ஏறும். தட்டில் கூழாங்கல் போடும் யோசனையும் உலவுகிறது. பல் உடையும், சிறிய கல்லை விழுங்கவும் செய்யும். வேண்டாம்.

பழக்குவது

முதல் இரண்டு மூன்று நாள் கால்பங்கு மட்டும் புதுக் கிண்ணத்தில், மீதி பழைய தட்டில். பிறகு பாதி, அப்புறம் முழுசும். ஒரு நிமிடச் சாப்பாடு ஐந்து முதல் பத்து நிமிடமானால் சரியான கிண்ணம். கால்மணி நேரம் தாண்டியும் முடியாமல் குரைக்கிறது, பாதியில் விட்டுப் போகிறது என்றால் அதற்கு அது மிகக் கடினம். சுலபமானதாக மாற்றுங்கள்.

கழுவுவது

தின்று முடித்ததும் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காய்ந்த சோற்றைச் சுரண்டப் போய்த்தான் பிளாஸ்டிக்கில் கீறல் விழுகிறது. இடுக்குக்குப் பழைய டூத்பிரஷ். போர்த்தண்ணீர் உப்புப் படிந்து வெள்ளை பூத்தால் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

பிறகு சேர்த்தது: இரண்டு நாய் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் ஸ்லோ ஃபீடர் வைத்தால், சீக்கிரம் முடித்த நாய் மற்றதன் கிண்ணத்துக்கு வரும், சண்டைதான். இடையில் கதவைச் சாத்துங்கள், அல்லது ஒன்றைக் கட்டிப் போட்டுச் சோறு வையுங்கள். எறும்புக்கு, விளிம்புள்ள தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கிண்ணத்தை வைத்தால் போதும். எறும்புப்பொடியையும் சாக்பீஸையும் சோற்றுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.