2147483647 பகா எண்தானா? சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோகிராம் எழுதுபவர்களுக்கு 2147483647 நன்கு பழகிய எண். 32 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் அது. 2³¹ − 1. அது பகா எண்ணும்கூட. கண்பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்த காலத்தில், 1772-இல், கணித மேதை ஆய்லர் இதை நிறுவினார். கணினி கையில் இருக்கும் நாமோ இதைச் சோதிக்கப் போய் இன்றும் தடுமாறுகிறோம்.

31 பகா எண், ஆகவே 2³¹ − 1 என்பதும் பகா எண்தான் என்று சொல்லிவிட முடியாது. 11-ம் பகா எண்தான்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகு எண் என்றால் விடையும் பகு எண், அவ்வளவுதான் உறுதி.

சரி, ஃபெர்மா சோதனை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதை 2-க்கு அடுக்காகப் போட்டு, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 2047-க்குப் போட்டுப் பாருங்கள். 2¹¹-ஐ 2047 வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11 × 186. ஆகவே 2²⁰⁴⁶-க்கும் மீதி 1. பகு எண் அழகாகத் தேறிவிடுகிறது! 2-இன் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் வருபவை மெர்சென் எண்கள்; அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் இதில் தேறிவிடும். அதனால் இங்கே 2-ஐ வைத்துச் சோதிப்பதில் பயனே இல்லை. இவற்றுக்கென்றே லூக்கா-லேமர் சோதனை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நேரடியாக வகுத்துப் பார்ப்பவர்கள் பாதி எண் வரை போக வேண்டாம். வர்க்கமூலம் போதும், அதாவது 46340 வரை. ஆய்லர் அத்தனையையும்கூட வகுக்கவில்லை. இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீர வேண்டும் என்று காட்டினார். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 400கூட இல்லை. இப்படி எண்களைச் சலித்தெடுத்ததுதான் எனக்கு அவருடைய நிரூபணத்தில் மிகவும் பிடித்த இடம்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. ஜாவாவில் ‘இன்ட்’ (32 பிட் முழு எண்) வகையில், வகுக்கும் எண்ணின் வர்க்கம் 2147483647-ஐத் தாண்டாதவரை சுற்று ஓடட்டும் என்று எழுதுகிறோம். 46341-இன் வர்க்கம் 2147488281. அது ‘இன்ட்’டில் அடங்காமல் −2147479015 ஆகிவிடும். ‘இன்ட்’டில் எந்த எண்ணும் 2147483647-ஐத் தாண்ட முடியாது என்பதால் நிபந்தனை பொய்க்காது, சுற்றும் நிற்காது. கடைசியில் வகுக்கும் எண்ணே 2147483647 ஆகி, மீதி 0 வந்து, “பகு எண்” என்று தவறான விடை கிடைக்கும். வர்க்கத்தை ‘லாங்’ (64 பிட் முழு எண்) வகையில் கணக்கிடுங்கள். அல்லது பெருக்காமல், வகுக்கும் எண்ணை, அதனால் 2147483647-ஐ வகுத்தால் வரும் ஈவோடு ஒப்பிடுங்கள்.