பாக்கெட் எந்தக் கட்டு வரை வந்தது? மெய்நிகர் ஃபயர்வாலில் நெட் நின்றால் தேடும் முறை

"அண்ணே, நெட்டு வரலை. ஃபயர்வால் போயிருச்சு போல."

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருக்கும் இடங்களில் ஃபயர்வால் (உள் நெட்டுக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவே நிற்கும் காவல்) என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கணக்கறை அலமாரியில் இருக்கும் ஒரு மினி பி.சி.தான். அதில் பிராக்ஸ்மாக்ஸ், அதாவது ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள், ஓடும். அதற்குள் ஒரு வி.எம்.மாக (மெய்நிகர் கணினியாக) ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் இருக்கும். பக்கத்து வி.எம்.களில் கேமரா பதிவும் பில்லிங்கும். தனிப்பெட்டி ஃபயர்வால் என்றால் இரண்டு ஒயரை ஆட்டிப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். இங்கே பாதி ஒயர் பெட்டிக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. அதனால் தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும்.

முகப்பில் நுழைந்தவர் வளவையும் இரண்டாம் கட்டையும் மூன்றாம் கட்டையும் தாண்டித்தான் பின்தெருவுக்குப் போக முடியும். நெட்டில் போகும் தரவுத் துண்டான பாக்கெட்டுக்கும் அதே கதிதான். ஓ.என்.டி.யில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டியில்) இருந்து மினி பி.சி.யின் போர்ட், அங்கிருந்து பிரிட்ஜ் (பெட்டிக்குள் இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்), டேப் (பிரிட்ஜில் இருந்து வி.எம்.முக்குப் போகும் மெய்நிகர் ஒயர்), ஃபயர்வாலின் வெளிப்பக்கம், அதன் விதிகள், உள்பக்கம், மறுபடி ஒரு டேப், பிரிட்ஜ், போர்ட், பிறகு ஸ்விட்ச், கடைசியில் வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட். எந்த நிலைவாசலில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அது தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதுதான் நேரத்தைத் தின்னும்.

எடுத்துக்காட்டுக்கு இந்த எண்களை வைத்துக்கொள்வோம்: பிராக்ஸ்மாக்ஸ் 192.168.50.2, ஃபயர்வாலின் உள்பக்கம் 192.168.50.1, ஃபயர்வால் வி.எம்.மின் எண் 100. உள்பக்கம் முதல் பிரிட்ஜில், வெளிப்பக்கம் இரண்டாவது பிரிட்ஜில். கட்டளைகளையும் மெனுக்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும்.

முதலில் வைஃபையை வழக்கிலிருந்து விலக்குங்கள்

இந்த வீடுகளின் சுவர் சுண்ணாம்பும் செங்கலும் சேர்ந்த கனத்த சுவர். வளவில் மாட்டிய ஆக்சஸ் பாயிண்டின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டு அறை தாண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "மூணாம் கட்டு ரூம்ல மட்டும் நெட் இல்லை" என்றால் ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பை ஸ்விட்ச்சில் ஒயரில் செருகிப் பாருங்கள். ஒயரில் ஓடினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டியதில்லை. கட்டுக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வேண்டும், அவ்வளவுதான். முன்தெருவில் இருந்து பின்தெரு வரை நீளும் வீடுகளில் கேபிள் 100 மீட்டரைத் தாண்டிவிடவும் கூடும். வளைந்து வளைந்து போகும் நீளத்தை அளந்து பாருங்கள். தாண்டினால் அந்த இடத்துக்கு ஃபைபர்.

ஒயரிலும் இல்லை என்றால் லேப்டாப்புக்கு என்ன ஐ.பி. கிடைத்தது என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ஐ.பி. கொடுக்கும் டி.எச்.சி.பி. பதில் தரவில்லை, அதாவது ஃபயர்வால் வி.எம். நின்றிருக்கலாம். 192.168.0 என்று வந்தால் வேறு யாரோ ஐ.பி. கொடுக்கிறார்கள். ஏதோ ஓர் அறையில் கூடுதல் வைஃபை ரவுட்டரை வாங்கிவந்து, ஒயரை அதன் லேன் ஓட்டையில் செருகியிருப்பார்கள். சில அறைகளில் ஓடி, சில அறைகளில் ஓடாமல், நேரத்துக்கு நேரம் மாறும் கோளாறு இது. அந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள், அல்லது கழற்றுங்கள்.

டி.எச்.சி.பி. இல்லாவிட்டால் பிராக்ஸ்மாக்ஸுக்குள்ளும் போக முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். லேப்டாப்புக்குக் கையால் 192.168.50.20, மாஸ்க் 255.255.255.0 கொடுத்துவிட்டு, உலாவியில் எச்.டி.டி.பி.எஸ். சேர்த்து 192.168.50.2, போர்ட் 8006 திறங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும். அது சாதாரணம்தான், தாண்டிப் போங்கள். ஃபயர்வால் செத்துக் கிடந்தாலும் இந்த வழி திறக்கும். ஒரே பிரிட்ஜில் ஒரே சப்நெட்டில் இருப்பதால் நடுவில் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஐந்து பிங்

50.2-க்கு, பிறகு 50.1-க்கு, பிறகு ஓ.என்.டி. அல்லது சேவை தருபவரின் கேட்வேக்கு, பிறகு 8.8.8.8-க்கு, கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எது முதலில் நிற்கிறதோ அந்த வாசலிலோ அதற்கு முந்தைய வாசலிலோதான் கோளாறு.

50.2 வருகிறது, 50.1 வரவில்லை என்றால் பிராக்ஸ்மாக்ஸில் வி.எம். 100-ஐப் பாருங்கள். ஓடாமல் இருந்தால் ஸ்டார்ட் கொடுப்பதற்கு முன் ஏன் நின்றது என்று பாருங்கள். மஞ்சள் முக்கோணமும் ஐ.ஓ. எரர் என்ற நிலையும் தெரிந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. கேமரா பதிவோ பழைய ஸ்னாப்ஷாட்டுகளோ வி.எம்.களின் பொது டிஸ்க் இடமான தின் பூலை முழுதும் தின்றிருக்கும். மற்ற வி.எம். எழுதிய குப்பைக்கு ஃபயர்வால் தண்டனை அனுபவிக்கும். தேவையற்றதை அழித்து இடம் காலி செய்துவிட்டு ரெஸ்யூம் கொடுங்கள். கேமரா பதிவைத் தனி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மெமரி பற்றாக்குறையிலும் வி.எம். கொல்லப்படும், ஃபயர்வாலுக்கு மெமரியைக் கூட்டிக் குறைக்கும் பலூனிங்கை எடுத்துவிட்டு, 2 ஜி.பி.யோ அதற்கு மேலோ நிலையாக ஒதுக்குங்கள்.

50.2-வே வரவில்லை, ஆனால் மினி பி.சி. ஆனில் இருக்கிறது என்றால் மானிட்டரும் கீபோர்டும் மாட்ட வேண்டியதுதான். சமீபத்தில் புதிய எஸ்.எஸ்.டி.யோ வேறு கார்டோ செருகினீர்களா? பி.சி.ஐ. வரிசை நகர்ந்து, நேற்று ஈஎன்பி2எஸ்0 என்று இருந்த போர்ட் இன்று ஈஎன்பி3எஸ்0 ஆகியிருக்கும். பிரிட்ஜோ பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஐபி லிங்க் கட்டளையில் புதிய பெயரைப் பார்த்து, நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் கோப்பில் திருத்தி, ஐஎஃப்ரீலோட் கொடுத்தால் எழுந்துவிடும்.

8.8.8.8 வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பெயரை ஐ.பி.யாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில். இங்கே கரண்ட் போய் வரும் ஊர்களுக்கே உரிய ஒரு வலை உண்டு. மினி பி.சி.யின் பட்டன் பேட்டரி, அந்த சி.ஆர்.2032, செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். டி.என்.எஸ். பதில் போலியல்ல என்று காட்டும் டி.என்.எஸ்.செக் கையொப்பங்களுக்குத் தேதி உண்டு. தேதி தப்பானால் ஃபயர்வாலுக்குள் டி.என்.எஸ். வேலை பார்க்கும் அன்பவுண்ட் அவற்றை ஏற்காது, பெயர் எதையும் திறக்காது. நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. சர்வரையும் பெயரால்தான் தேட வேண்டும், அதுவும் கிடைக்காது. இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பயாஸில் தேதியைச் சரிசெய்து பேட்டரியை மாற்றுங்கள், என்.டி.பி. பட்டியலில் ஒன்றையாவது ஐ.பி.யாகவே போட்டு வையுங்கள்.

பிங் எல்லாம் ஓடுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

ஆளைக் குழப்புவதில் முதலிடம் இதற்குத்தான். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று, செக்சம் ஆஃப்லோட். விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் நெட்வொர்க் அட்டை பாக்கெட்டின் செக்சம்மை, அதாவது பிழை பார்க்கும் கூட்டுத்தொகையை, தானே முழுதாகப் போடாது, கீழே இருக்கும் வன்பொருள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். ஒரே பெட்டிக்குள் வி.எம்.மில் இருந்து வி.எம்.முக்குப் போகும் பாக்கெட் வன்பொருளைத் தொடுவதே இல்லை. அரைகுறைச் செக்சம்மோடு வந்ததை ஃபயர்வால் முகவரி மாற்றி அனுப்பும்போது கணக்கு தப்பாகி, மறுமுனை அதைத் தூக்கிப் போட்டுவிடும். பிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, டி.சி.பி.யும் யு.டி.பி.யும்தான் மாட்டும். பில்லிங் வி.எம். மட்டும் இன்டர்நெட் இல்லாமல் தவித்து, அறைகளில் போன்கள் நன்றாக ஓடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பிஎஃப்சென்ஸில் சிஸ்டம், அட்வான்ஸ்ட், நெட்வொர்க்கிங் போய் ஹார்ட்வேர் செக்சம் ஆஃப்லோடை முடக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். ஓபிஎன்சென்ஸில் இது இன்டர்ஃபேசஸ், செட்டிங்ஸில் இருக்கும். அங்கே வழக்கமாக முன்பே முடக்கித்தான் வரும். யாராவது "வேகம் கூடும்" என்று எடுத்துவிட்டிருக்கலாம். டிக் போட்டபின் வி.எம்.மை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள்.

மற்றது எம்.டி.யூ., ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் மோடில் வைத்து, ஃபயர்வாலே பி.பி.பி.ஓ.ஈ. டயல் செய்தால் (சேவை தருபவரிடம் உள்நுழையும் முறை), அது பாக்கெட்டைச் சுற்றிப் போடும் உறை 8 பைட் தின்றுவிடும். 1500-க்குப் பதில் 1492தான் மிச்சம். சோதிக்க, துண்டாக்காதே என்ற கொடியோடு 1464 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1492 ஆகும். 1464 போய், 1465 போகவில்லை என்றால் சரியாக இருக்கிறது. 1464-ம் போகவில்லை என்றால் போகும் எண் கிடைக்கும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். கிடைத்த எண்ணோடு 28 கூட்டினால் அதுதான் உண்மையான எம்.டி.யூ. வெளிப்பக்க இடைமுகத்தில் எம்.எஸ்.எஸ். (பாக்கெட்டில் தரவுக்கு மட்டும் உள்ள இடம்) என்ற கட்டத்தில் 1492, அல்லது உங்களுக்குக் கிடைத்த எம்.டி.யூ. எண், போடுங்கள். தலைப்புக்கான 40-ஐ அதுவே கழித்து, 1492 என்றால் 1452 ஆக்கிக்கொள்ளும். நீங்களும் கழித்து 1452 என்று போட்டால் இரட்டைக் கழிவாகிவிடும். வேகம் கொஞ்சம் குறையுமே தவிர ஒன்றும் கெடாது.

வாசலில் நின்று பார்ப்பது

மேலே சொன்னதில் பிடிபடாவிட்டால், பாக்கெட் போவதைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளைதான். பிராக்ஸ்மாக்ஸ் ஷெல்லை இரண்டு சாளரங்களில் திறங்கள். ஒன்றில் வெளிப்பக்க போர்ட்டைக் கேளுங்கள். மற்றதில் டேப்100ஐ1, அதாவது வி.எம். 100-இன் இரண்டாவது அட்டையின் மறுமுனை. ஃபயர்வாலின் கன்சோலில் 8-ஐ அழுத்தி ஷெல்லுக்குள் போய், அதன் வெளிப்பக்க இடைமுகத்தில் மூன்றாவதாக ஒன்று.

டயல் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பி.பி.பி.ஓ.ஈ. முதலில் பி.ஏ.டி.ஐ. என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். எதிர்முனை பி.ஏ.டி.ஓ. என்று பதில் தர வேண்டும். குரல் டேப்பில் தெரிந்து போர்ட்டில் தெரியவில்லை என்றால் பிரிட்ஜ் தப்பான போர்ட்டைப் பிடித்திருக்கிறது. போர்ட்டிலும் தெரிந்து பதில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் பெட்டியில் இல்லை, கேபிள், ஓ.என்.டி., அல்லது வீலேன் எண் (ஒரே ஒயரில் ஓடும் தனித்தனி நெட்களைப் பிரிக்கும் எண்). பல இணைப்புகளில் டயல் ஒரு குறிப்பிட்ட வீலேனில்தான் போக வேண்டும், அந்த எண்ணைச் சேவை தருபவரிடம் கேட்டு வாங்குங்கள். பதில் போர்ட்டுக்கு வந்து டேப்புக்கு வரவில்லை என்றால் பிராக்ஸ்மாக்ஸின் சொந்த ஃபயர்வாலைப் பாருங்கள். வி.எம்.மின் நெட்வொர்க் அட்டையில் ஃபயர்வால் என்ற டிக் வழக்கமாகவே போட்டு வரும். ஃபயர்வால் வி.எம்.மின் அட்டைகளில் அதை எடுத்துவிடுங்கள். ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரர் வேண்டாம்.

வீலேனில் அடிக்கடி நடக்கும் தப்பு, டேக்கை (பாக்கெட்டில் ஒட்டும் வீலேன் எண்ணை) இரண்டு இடத்தில் போடுவது. விருந்தினர் நெட்டுக்கு வீலேன் 20 என்றால், பிராக்ஸ்மாக்ஸ் அட்டையில் டேக் 20 போட்டு, ஃபயர்வாலுக்குள்ளும் வீலேன் 20 உருவாக்கினால் பாக்கெட் இரட்டை டேக்கோடு போய்த் தொலையும். பிரிட்ஜில் வீலேன் அவேர் டிக் போட்டு, அட்டையில் டேக் கட்டத்தைக் காலியாக விட்டு, ஃபயர்வாலுக்குள் மட்டும் வீலேன் வையுங்கள். பிராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் இ.எஸ்.எக்ஸ்.ஐ. பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலையை போர்ட் குரூப்பில் 4095 என்ற எண் செய்யும்.

விருந்தினர் வீலேனில் ஐ.பி. கிடைக்கிறது, வேறெதுவும் ஓடவில்லையா? புதிதாகச் சேர்த்த இடைமுகத்தில் விதியே இருக்காது, விதி இல்லாவிட்டால் எல்லாம் தடை. உள்பக்கத்துக்கு மட்டும்தான் அனுமதி விதி முன்பே வரும். மாற்றிய தடை விதி வேலை செய்யவில்லை என்று தோன்றினால் திறந்த இணைப்புகளின் பட்டியலான ஸ்டேட் டேபிளைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே திறந்த இணைப்புகள் பழைய விதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் சில

ஓ.என்.டி.யின் முகவரியும் 192.168.1.1, நிறுவியபடியே விட்ட ஃபயர்வாலின் உள்பக்கமும் 192.168.1.1 என்றால் நெட் வராது. உள்ளும் வெளியும் ஒரே தெரு என்று அது நினைத்துக்கொள்ளும். உள்பக்கத்தை 192.168.50.1-க்கு மாற்றுங்கள். கேட்வே டவுன் என்று சிவப்பாகக் காட்டியும் நெட் ஓடினால், சேவை தருபவரின் கேட்வே பிங்குக்குப் பதில் தருவதில்லை என்று பொருள், மானிட்டர் ஐ.பி.யை 8.8.8.8 ஆக்குங்கள்.

பேக்கப்பில் இருந்து வி.எம்.மை மீட்கும்போது யுனீக் என்ற டிக் போட்டால் நெட்வொர்க் அட்டைகளின் அடையாள எண்ணான மேக் முகவரிகள் புதிதாகிவிடும். சில இணைப்புகள் பழைய மேக்கையே எதிர்பார்த்துக் காத்திருக்கும். அதே வி.எம்.மை மீட்பதானால் டிக் வேண்டாம்.

சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் வீட்டுக்காரருக்குக் கேமரா தெரியவில்லை என்றால், போர்ட் ஃபார்வர்டைப் பத்து முறை திருத்துவதற்கு முன் வெளிப்பக்க ஐ.பி.யைப் பாருங்கள். 100.64-இல் இருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது சேவை தருபவரின் பொது நேட்டுக்கு (பலருக்கும் ஒரே வெளி ஐ.பி. தரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது. வெளியில் இருந்து யாரும் உள்ளே வர முடியாது, எந்த விதி போட்டாலும். நிலையான ஐ.பி. வாங்குங்கள், அல்லது வெளியே ஒரு சின்ன வாடகை சர்வருக்கு உள்ளிருந்து வயர்கார்ட் என்ற வி.பி.என். சுரங்கம் போடுங்கள்.

கல்யாண வீடு வந்தால் வேறு கோளாறு. நூறு முகவரி வைத்த விருந்தினர் பூலில் முந்நூறு போன் வந்து நின்றால் நூற்று ஒன்றாவது போனுக்கு "ஐ.பி. பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கும், முதல்நாள் வந்து போனவர்களின் முகவரிகளும் லீஸ் (முகவரி கொடுத்த கால அளவு) முடியும்வரை பிடிபட்டே கிடக்கும். வீலேன் 20-இல் 192.168.20.1, மாஸ்க் 255.255.254.0 என்று வைத்தால் 510 முகவரி கிடைக்கும். லீஸை 3600 விநாடியாக்குங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு இதை மாற்றாதீர்கள். இரண்டு நாள் முன்பே மாற்றி, கான்ஃபிக் கோப்பை இறக்கி லேப்டாப்பில் வைத்துவிட்டு, எல்லா ஆக்சஸ் பாயிண்டிலும் ஒவ்வொரு போனை இணைத்துப் பாருங்கள்.