ரேஸ் பைக் மெக்கானிக் ஆக வேண்டுமா? பிளக்கைப் படிக்கப் பழகுங்கள்

சென்னைப் பக்கம் இருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடும் ஏதாவது ஒரு டீமில் எடுபிடியாகவாவது ஒட்டிக்கொள்ளுங்கள், சம்பளத்தை அப்புறம் பேசலாம். போர்ட்டைக் (எஞ்சினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழி) குடையும் ஆசை எல்லோருக்கும் வரும், அது இருக்கட்டும், முதலில் ஜெட்டிங்: கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டைச் சரியான சைஸில் போடுவது.

டூ-ஸ்ட்ரோக் என்றால் எஞ்சினைச் சூடாக்கி, புது ஸ்பார்க் பிளக் மாட்டி, டிராக்கில் ஃபுல் த்ராட்டிலில் ஓட்டச் சொல்லுங்கள். த்ராட்டிலை மூடாமலே கில் ஸ்விட்சை அழுத்தி, அதே நொடியில் கிளட்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைக்கலாம். வெளுத்திருந்தால் பெரிய ஜெட் போடாமல் வண்டியை வெளியே விடாதீர்கள், பிஸ்டன் உருகிவிடும். பழுப்பு நிறம் என்றால் சரி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மதிய வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், காலையில் பொருந்திய ஜெட் அப்போது ரிச் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு பெட்ரோல் அதிகமாகிவிடும். அதனால் வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள்.