பழைய கேம்பர் பஸ்ஸுக்கு ரீபில்ட் டீசல் எஞ்சின்: எங்கே பிழை விடுகிறார்கள்

ரீபில்ட் பண்ணி (கழற்றிப் புதுப்பித்து) போட்ட எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமுன் சூடேறிப் போனால், பழி எஞ்சின் கட்டிய பாஸ் (மெக்கானிக்) தலையில்தான் விழும். பல வேளைகளில் குற்றம் அங்கே இல்லை. மாற்றாமல் விட்ட ரேடியேட்டர், டாங்கியின் அடியில் கிடந்த சேறு, பழைய எஞ்சினின் இரும்புத் தூள் ஒளிந்திருந்த ஒயில் கூலர், இவைதான் புது எஞ்சினைத் தின்றிருக்கும். கோஸ்டர், ரோசா போன்ற பழைய பஸ்ஸில் கட்டிலும் சிங்கும் வைத்து கேம்பராக்கியவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: எஞ்சின் மூடிக்கு மேல் அலுமாரி அடித்திருப்பார்கள். பிறகு ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கவும் தச்சனைக் கூப்பிட வேண்டும். எஞ்சின் இறக்கியிருக்கும்போதே அந்த மூடியைச் சுதந்திரமாகத் திறக்கும்படி செய்துவிடுங்கள்.

முதல் பிழை கடையிலேயே நடக்கிறது. "4டி33தானே, பொருந்தும்" என்று எஞ்சின் மொடல் இலக்கத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள். அதே எஞ்சின் கன்டர் லொறியிலும் வந்தது, ரோசா பஸ்ஸிலும் வந்தது. பிளொக் ஒன்றாக இருந்தாலும் சம்பின் (அடியில் ஒயில் நிற்கும் தொட்டியின்) குழி முன்பக்கமா பின்பக்கமா, மவுண்ட் பிராக்கெட் எங்கே நிற்கிறது, எக்ஸோஸ்ட் மனிபோல்ட் எந்தத் திசையில் இறங்குகிறது என்பவை மாறலாம். சம்பை மாற்றினால் ஒயில் உறிஞ்சும் குழாயையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் ஒயில் பிரஷர் விழும். ஆகவே பழைய எஞ்சினை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கும்வரை பழையதை இரும்புக்காரனுக்குக் கொடுக்காதீர்கள்.

வோல்டேஜும் அப்படித்தான். இந்த பஸ்களில் பல 24 வோல்ட். எஞ்சினோடு வந்த ஹீட்டர் ப்ளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது) 12 வோல்ட்டாக இருந்தால் 24இல் கொதித்து, நுனி வீங்கி, உடைந்து உள்ளே விழும். அந்தத் துண்டு ஒரு பிஸ்டனுக்குப் போதும். ஸ்டார்ட்டர் மோட்டர், அல்டர்னேட்டர், பம்பில் டீசலை வெட்டும் சொலினொய்ட் எல்லாவற்றிலும் பொறித்திருக்கும் எழுத்தை வாசித்த பிறகே பூட்டுங்கள்.

இறக்கும் இடம் முக்கியம். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் முற்றத்தில் ஜக் வைத்தால் பாரம் ஏற ஏற ஒரு பக்கம் புதையும். இந்த பஸ்களில் எஞ்சின் கீழ்ப்பக்கமாக இறங்குவதால் முன்பக்கத்தை உயரத் தூக்க வேண்டியிருக்கும். கொங்கிரீட் தளமும் ஸ்டாண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கேம்பரில் மறந்துபோவது இரண்டாவது பற்றரி. முன் பற்றரியைக் கழற்றியும், உள்ளே இருக்கும் வீட்டுப் பற்றரியும் சோலார் பலகையும் ரிலே வழியாக ஸ்டார்ட்டர் வயருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கலாம். எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெல்டிங் வேலை இருந்தால் சமையல் கேஸ் சிலிண்டர் வண்டிக்குள் இருக்கவே கூடாது.

கியர் பொக்ஸோடு சேர்க்கும்போது கடைசி ஒரு அங்குலத்தில் நின்றுவிடும். உடனே நீளப் போல்ட்டைப் போட்டு ஸ்பானரால் இறுக்கி இழுப்பது கராஜுகளில் சர்வசாதாரணம். கையால் தள்ளி மூடாத பெல்ஹவுசிங் (கிளச்சை மூடும் கூடு) எதையோ சொல்கிறது: கிளச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது கியர் பொக்ஸின் ஷாப்ட் நுனி எஞ்சின் பக்கத்து பைலட் பெயாரிங்குக்குள் போகவில்லை. இழுத்தால் பெல்ஹவுசிங்கின் காது வெடிக்கும், இல்லையென்றால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். பிளேட்டை மையப்படுத்தும் கட்டையைப் போட்டு, எஞ்சினையும் கியர் பொக்ஸையும் நேராக நிறுத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, கியரில் போட்டு கியர் பொக்ஸின் பின்பக்க ஷாப்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். ஓட்டோ கியர் என்றால் கிளச்சுக்குப் பதிலாக வரும் கன்வேட்டர் கியர் பொக்ஸின் பம்புக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். பெல்ஹவுசிங் மூடிய பின்னும் அது கையால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கழற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் திருகோணமலையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. வருடக்கணக்காக அதை ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். தேய்ந்த பழைய எஞ்சினை மெதுவாக ஓட்டியதால் அது தெரியாமல் இருந்திருக்கும். மேல்தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், அல்லது ரேடியேட்டரின் குழாய்க் கூட்டை (கோர்) மாற்றுங்கள். தேர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள் புதிதாகப் போகட்டும். "இந்த ஊர் வெயிலுக்கு எதற்கு" என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது தவறு. சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி, இன்னும் சூடேறும். கூலன்டையும் பற்றரிக்கு ஊற்றும் சுத்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஜப்பானிலிருந்து வந்த பஸ்களில் பின் ஹீட்டருக்குத் தளத்தின் கீழே நீளக் குழாய்கள் ஓடும். நமக்கு அந்த ஹீட்டர் தேவையில்லை, குழாயோ உப்புக் காற்றில் அரித்திருக்கும். எஞ்சின் பக்கத்திலேயே அடைத்துவிடுங்கள்.

பழைய எஞ்சின் எதனால் செத்தது என்று கேட்காமல் புதியதைப் பூட்டாதீர்கள். பெயாரிங் அல்லது டேர்போ போயிருந்தால் ஒயில் கூலரிலும் ஒயில் ஹோஸ்களிலும் உலோகத் தூள் நிற்கும். கூலரின் உட்பகுதியைக் கழுவி எடுப்பது கடினம், மாற்றுவதே புத்தி. டேர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கிய ஒயிலை வடிக்காவிட்டால் எஞ்சின் அதையே எரித்துக் கட்டுப்பாடின்றி ஓடும். மாதக்கணக்கில் நின்ற கேம்பரின் டாங்கியில் தண்ணீரும் கறுத்த வழுவழுப்பும் இருக்கும். டாங்கியை இறக்கிக் கழுவாமல் புது பம்பை இணைப்பது காசை எரிப்பது.

எஞ்சினிலிருந்து சேசிக்குப் போகும் ஏர்த் வயர் சின்னச் சாமான், மறந்தால் பெரிய செலவு. ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடி அக்சிலரேட்டர் கேபிளை உருக்கும். துருவைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் புது வயர் போட்டு, மேலே கிரீஸ் பூசுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். பில்டரையும் டேர்போவின் ஒயில் துளையையும் நிரப்பி, சொலினொய்ட் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு தடவைக்கு 10 செக்கனுக்கு மேல் போகாமல், நடுவில் ஓய்வு கொடுத்து, ஒயில் பிரஷர் ஏறும்வரை சுழற்றுங்கள். பிறகு சொலினொய்ட் வயரை மறுபடி பூட்டி, கைப்பம்பால் டீசல் வழியிலிருந்து காற்றெடுத்து, நொசில் பக்க நட்டுகளைத் தளர்த்திச் சுழற்றி, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். எஞ்சின் காற்று இழுக்கும் வாயை மூட ஒரு தட்டைப் பலகை கையில் இருக்கட்டும். எஞ்சின் வெறிபிடித்து ஓடினால் சாவியைத் திருப்பிப் பயனில்லை.

ஓடத் தொடங்கியதும் ஒரு மணித்தியாலம் ஐட்லில் விட்டு "பழக்குவது" பிஸ்டன் ரிங்குக்குச் செய்யும் துரோகம். பாரமில்லாமல் ஓடினால் ரிங் படியாது, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகும், ஒயில் குடிக்கும். ஒழுக்குப் பார்த்ததும் கந்தளாய் வரை போய் வாருங்கள், கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், மேல் கியரில் திணறவிடாதீர்கள். மாத்தளை தாண்டிக் கண்டி ஏறுவதை முதல் ஒயில் மாற்றத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றம் 500 கிலோமீட்டரில். 15டபிள்யூ-40 மினரல் ஒயில் போதும். கழற்றிய பில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள்: மெல்லிய மினுக்கம் பரவாயில்லை, பித்தளை நிறத் துகள் தெரிந்தால் வண்டியை நிறுத்திப் பெயாரிங்கைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்பது கஸ்கட் வகையைப் பொறுத்தது, கட்டியவரிடம் எழுதி வாங்குங்கள்.

எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும், காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். இலக்கம் பொறித்த இடத்தைப் பூட்டுமுன் படமெடுத்து வையுங்கள். பூட்டிய பின் அந்த மூலையில் கண்ணாடி விட்டும் வாசிக்க முடியாது.